அன்புச்செல்வி வைத்த குழம்பு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் ஏரிக்கரை நகர் என்று ஒரு போர்டு உண்டு. ஏரியைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். அதனால் வெயில் காலத்தில் அந்தப் பெயருக்கு அர்த்தமே இருக்காது. மழைக்காலத்தில் ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

புயல் அடித்த வருஷம் அப்படித்தான் வந்தது. இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, பைபாஸில் பஸ் இல்லை, கடைக்குப் போக வழியில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த மாவு புளித்துப் பொங்கியது. அரிசி இருந்த வீட்டில் கேஸ் இல்லை, கேஸ் இருந்த வீட்டில் பருப்பு இல்லை. நகர் நலச் சங்கத் தலைவர் தேவநாதன் வீட்டுக் கார் ஷெட் மட்டும் மேடாக இருந்தது. எல்லோரும் கையில் கிடைத்ததைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே சோறு. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வாழ்ந்தவர்கள் ஒருவர் தட்டில் இன்னொருவர் அப்பளம் வைத்தார்கள். கலையரசிதான் கரண்டி பிடித்தாள். தையல்காரி அன்புச்செல்வி வெங்காயம் உரித்தாள், பாத்திரம் விளக்கினாள். அதற்கெல்லாம் அவளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொண்டார்கள். அதுதான் அன்புச்செல்விக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் வடிகாலைப் பற்றிப் பேசித் தீர்த்து, எல்லோரும் டீக்கு எழுந்திருக்கும் நேரம் பார்த்து அவள் வாயைத் திறந்தாள்.

"சார், நா ஒண்ணு சொல்றேன். மழையில சேர்ந்து ஆக்கிச் சாப்ட்டோம், ஒருத்தரும் பட்டினி கெடக்கல. இப்ப வெயில் அடிக்குது, நம்ம தெருவுலயே சில வூட்ல அடுப்பு எரியல. நாம வழக்கமா ஆக்கறதுல ஒரு பிடி சேத்து ஆக்கி, சாயங்காலம் ஷெட்டுல கொணாந்து வெப்போம். வேணுங்கறவங்க வேணுங்கறத எடுத்துக்கினு போவட்டும். காசு வேணாம், கணக்கும் வேணாம்."

"இல்லாதவங்க இன்னா கொணாருவாங்க?" என்று கேட்டார் சங்கச் செயலாளர் புகழேந்தி. ஹார்டுவேர் கடைக்காரர், ஆணி வாங்க வருகிறவனிடம்கூட எதற்கு என்று விசாரிக்கிற ஆள்.

"கை இருக்குதுல்லங்க? காய் நறுக்கட்டும், ஏனம் தேய்க்கட்டும். முருங்கக்கீர ஒடிச்சாந்து குடுக்கட்டும். அதுவும் கொணாந்ததுதான்."

புகழேந்தி அடுத்த கேள்விக்குத் தயாரானார். அதற்குள் கலையரசி, "நல்லாத்தான் சொல்லுது அன்பு. நா சாம்பார் கொணாறேன்" என்று சொல்லிவிட்டாள். கலையரசியின் புருஷன் விழுப்புரம் டெப்போவில் கண்டக்டர். ஆனால் விசில் இருந்தது இவளிடம்தான். அவள் ரைட் கொடுத்தால் ஏரிக்கரை நகர் புறப்படும். அன்றைக்கே புறப்பட்டது. கூட்டுச்சட்டி என்று யாரோ பெயரும் வைத்துவிட்டார்கள்.

அன்புச்செல்வியும் அவள் புருஷன் சவுரிராயனும் ஓமந்தூர்ப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வந்து இங்கே வீடு கட்டியவர்கள். எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று யாரும் கேட்டதில்லை. யாருக்கும் தெரியாமலும் இல்லை. நகரில் அவள் அளவெடுக்காத பெண் கிடையாது. யாருக்கு எங்கே சதை போட்டிருக்கிறது, யார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொய் அளவு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அளவெடுக்க அவள் கை ஆகும். அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மட்டும் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும்.

கூட்டுச்சட்டியின் முதல் நாள் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மரக்காணத்துக் கருவாடு, மொச்சை, கத்திரிக்காய், ஒரு துண்டு மாங்காய், மேலே மிதக்க மிதக்க மல்லாட்டை என்கிற நிலக்கடலை எண்ணெய். பெயர் வெட்டிய தன் கல்யாணச் சட்டியில் ஊற்றி மூடி எடுத்துப்போய் ஷெட்டுப் பலகையில் வைத்தாள். கலையரசியின் சாம்பார் தீர்ந்தது. தேவநாதன் வீட்டுப் புளியோதரை தீர்ந்தது. கல்லாக இருந்த யாரோ வீட்டுப் பணியாரம்கூடத் தீர்ந்தது. அன்புச்செல்வியின் சட்டி வைத்த மேனிக்கு இருந்தது.

"நாங்க இன்னைக்கு கருவாடு சாப்பிடறதில்ல" என்றார்கள். மறுநாள் கீரை கொண்டுபோனாள். "கீரையா? ராத்திரியில ஆவாதே" என்றார்கள். அதற்கு மறுநாள் கேப்பை அடை. சாக்குச் சொல்லக்கூட யாரும் பக்கத்தில் வரவில்லை. சட்டியின் மேல் துணியைப் போட்டு மூடி, ஏதோ வாங்கிக்கொண்டு போகிறவள் மாதிரி வீட்டுக்கு எடுத்துப் போனாள். சவுரிராயன் ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று நாளும் அதையே சாப்பிட்டான். தான் எழுந்து நின்று கேட்டு வாங்கிய கூட்டுச்சட்டியில் தன் சட்டிக்கு மட்டும் இடமில்லையா? அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். இந்த நகர் தன் கையால் ஆக்கியதை வாயில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கிடையில், யாரை நினைத்து அவள் இதை ஆரம்பித்தாளோ அந்தச் செண்பகமே ஷெட்டுப் பக்கம் வரவில்லை. செண்பகம் மரக்காணத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவன். கடல் விட்டால்தான் வீட்டில் அடுப்பு. பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வாடகைக்கு இருந்தாள். அன்புச்செல்வி நேரே போய்க் கேட்டாள்.

"ஏன் செண்பகம் வரமாட்டேங்கற?"

"எடுத்துக்கினு வந்துடலாங்கா. அப்பால அவங்க ஏனத்தத் திருப்பித் தரணும்ல? அடுத்தவங்க ஏனம் நம்ம வூட்லருந்து வெறுமனே போவக்கூடாது. ரெண்டு கருவேப்பிலயாவது, ஒரு பிடி சக்கரையாவது போட்டுத்தான் குடுக்கணும். எங்கூட்ல சக்கர எங்கக்கா இருக்குது?"

அன்புச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்வாள், அவளும் அப்படித்தான் செய்கிறாள். வந்த பாத்திரம் காலியாகப் போகக் கூடாது. அந்த மரியாதை இருப்பவர்களுக்குச் சரி. இல்லாதவர்களை அது பட்டினி போட்டுக்கொண்டிருந்தது. பாத்திரத்துக்குச் சொந்தக்காரரே இல்லாவிட்டால்? அப்போது யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை. யாருடைய பாத்திரம் என்று பார்த்து ஒதுக்கவும் முடியாது. இந்த இரண்டாவது யோசனையை அவள் செண்பகத்திடம் சொல்லவில்லை.

சவுரிராயனிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று இருந்தது. அந்த வாரம் விழுப்புரத்தில், வாடகைப் பாத்திரக் கடை ஒன்றை மூடுகிறவர்கள் சாமான் ஏற்ற அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏற்றிய கூலிக்குப் பதிலாக அவன் எவர்சில்வர் தூக்குகளைக் கேட்டு வாங்கி வந்தான். எல்லாம் ஒரே அளவு, ஒரே மூடி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. காலையில் வீட்டுக்கு ஒரு தூக்கு போகும். சாயங்காலம் சவுரிராயன் தெருத் தெருவாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நிரம்பிய தூக்குகளை ஏற்றி, ஷெட்டில் இறக்கி வரிசையாக வைத்துவிடுவான். எது யார் வீட்டில் ஏறியது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆள்.

"ஏனம் திருப்பிக் குடுக்கற பேஜாரே இல்ல, நல்ல ஏற்பாடு" என்று தேவநாதனே பாராட்டினார். முதல் நாளே செண்பகம் வந்தாள். அவளைப் போல் அதுவரை வராமலிருந்த பல வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அன்புச்செல்வி கருவாட்டுக் குழம்புதான் வைத்திருந்தாள். தூக்கு ஷெட்டில் இறங்கியதும் வாசனை மூடியைத் தாண்டி வந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று போனது. கடைசியில் வந்த ஒருவர் தூக்கைக் கவிழ்த்து, தட்டி, சோற்றைப் போட்டுத் துடைத்து எடுத்துப்போனார். அன்புச்செல்வி காலித் தூக்கை வாங்கிக் குழாயடிக்குப் போய்க் கழுவினாள். தேய்க்க ஒன்றுமே மிச்சமில்லாத தூக்கை வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கூட்டுச்சட்டி ஜாம் ஜாமென்று நடந்தது. முருங்கைக்காய் காய்த்த வீட்டிலிருந்து முருங்கைக்காய் வந்தது. மல்லாட்டை அறுவடைக்குப் போனவர்கள் மடி நிறையப் பச்சை மல்லாட்டை கொண்டுவந்து அவித்து வைத்தார்கள். மீன்பிடி தடைக்காலம் வந்து செண்பகத்தின் புருஷன் வீட்டோடு உட்கார்ந்தபோதும் அவள் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். பதிலுக்குச் செண்பகம் கருவாடு கொடுத்தாள், அவள் புருஷன் ஷெட்டுக்குக் கீற்று வேய்ந்தான். மயிலம் ரோட்டிலிருந்து வேறு நகர்க்காரர்கள் வந்து எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மனிதர்களை ஒரு இடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டால் சும்மா இருப்பார்களா? எந்தத் தூக்கு யார் கை என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு ஆரம்பித்தது. தேவநாதன் அதில் பெரிய நீதிபதி. ஒரு துளியைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். பாதி தப்பாக இருக்கும், யாரும் மறுக்க மாட்டார்கள். கருவாட்டுக் குழம்புக்கு வந்தபோது அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"இது நம்ம கலையரசி கைதான். வேற யாருக்கு இந்தப் பக்குவம் வரும்?"

"ஐயோ, நா இல்லங்க சார்" என்றாள் கலையரசி. உண்மையைத்தான் சொன்னாள்.

"பாருங்க, இன்னா தன்னடக்கம்!" என்றார் தேவநாதன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்த முறை கலையரசி மறுக்கவில்லை, சிரித்தாள். அதற்கடுத்த முறை, "கருவாட்ட சுடுதண்ணியில ஊறப் போடணும்" என்று பக்குவமே சொல்லிக் கொடுத்தாள். ஓரமாக முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அன்புச்செல்வியின் கை நின்றது. காலியான சட்டிதானே கேட்டாள்? கிடைத்துவிட்டதே. பிறகு ஏன் மனசு நிறையவில்லை? அவள் மீதிக் கீரையையும் உருவி முடித்தாள்.

கூட்டுச்சட்டிக்கு ஒரு வருஷம் நிறைந்தபோது, நகர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து பந்தி சாப்பிட வேண்டும் என்று தீர்மானமானது. ஞாயிற்றுக்கிழமை மதியம். தேவநாதன் மைக் இல்லாமலே மைக் பிடித்த குரலில் அறிவித்தார்: "அன்னைக்கு நம்ம கலையரசியோட கருவாட்டுக் குழம்புதான் ஸ்பெஷல்!"

மறுநாள் மதியம், தெரு அடங்கிக் கிடந்த நேரத்தில், அன்புச்செல்வி வீட்டுப் பின்கதவு தட்டப்பட்டது. கலையரசி. முன்வாசல் வழியாகவே ஒருநாளும் உள்ளே வந்திராதவள் பின்வாசலில் நின்றாள்.

"அன்பு, எம் மானத்தக் காப்பாத்து. எனக்கு அது வர்ல. நேத்து வெச்சிப் பாத்தேன், எங்க வூட்டுக்காரரே தட்டத் தள்ளிட்டாரு. நீ இங்கயே ஆக்கிக் குடுத்துடு, நா எடுத்துக்கினு போயிடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அன்புச்செல்விக்குக் கோபத்தில் காது சுட்டது. ஆனால் எதிரே நின்றவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாவம், புகழுக்கு ஆசைப்பட்டுக் குழம்பில் விழுந்தவள்.

"ஆக்கித் தர்றேங்கா. ஆனா இங்க இல்ல. பந்தலுக்கு நடுவுல, எல்லார் எதுருலயும் அடுப்பு வெச்சி ஆக்கறேன்."

"அப்ப தெரிஞ்சிபூடுமே!"

"தெரியட்டும்."

கலையரசியின் முகம் வெளுத்தது. "புரியாம பேசாதடி. ஒருத்தரும் எலையில ஒக்கார மாட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் சாப்ட்டதுக்கும் சேத்து எல்லாரும் மூஞ்சத் தூக்கிக்கினு போவாங்க. கூட்டுச்சட்டியே ஒடஞ்சிடும்."

அது பொய்யான பயம் இல்லை என்று அன்புச்செல்விக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்கும் அன்று சோறு இறங்கவில்லை. சவுரிராயனிடம் சொன்னாள்.

"நல்லாத்தான போய்க்கினு இருக்குது? ஏன் பேஜாரு பண்ற?" என்றான்.

"நல்லா போறது தூக்குதாங்க. அது எல்லார் வூட்டுக்குள்ளயும் போயிடுச்சி. நா இன்னும் வெளியவே நிக்கறேன்."

அவன் எழுந்து வெளியே போய், வண்டியில் விறகு ஏற்ற இடம் ஒழித்துக்கொண்டிருந்தான். அது அவனுடைய சம்மதம்.

கேட்க வேண்டிய ஆள் இன்னும் ஒருத்தி இருந்தாள். "செண்பகம், இது ஒடஞ்சிச்சின்னா மொதல்ல அடி ஒம் பசங்களுக்குத்தான். நீ வேணாம்னா நா சும்மா இருந்துடறேன்."

செண்பகம் கருவாட்டுக் கூடையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "எங்கூட்டுக் கருவாட்டப் போட்டுத்தானக்கா வெக்கிற? அப்ப பாதிக் கொழம்பு என்னுது. நானும் ஒங்கூட அடுப்பாண்ட நிக்கறேன். போறவங்க போவட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஷெட்டு வாசலில் போட்ட பந்தலுக்கு நடுவே செங்கல் கூட்டி அடுப்பு போட்டார்கள். சவுரிராயன் பெரிய அண்டாவை இறக்கினான். செண்பகம் கருவாட்டை அலசினாள். அன்புச்செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். மல்லாட்டை எண்ணெய் காய்ந்தது, வெந்தயம் சிவந்தது, சின்ன வெங்காயம் வதங்கியது. புளி கொதித்து மசாலா சேர்ந்ததும் வாசனை எழுந்து முதல் தெரு, இரண்டாவது தெரு, பிள்ளையார் கோயில் தெரு என்று எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. இறக்கும் நேரத்தில் பூண்டைப் பச்சையாக நசுக்கிப் போட்டு மூடினாள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அடுப்பில் நிற்பவளைப் பார்த்து, கலையரசிக்கு உதவியாக நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். வாழையிலை போட்டார்கள். முதல் பந்தி உட்கார்ந்தது.

"எங்கம்மா கலையரசி?" என்றார் தேவநாதன், முதல் இலையில் அமர்ந்தபடி. "அடுப்ப ஒங்கிட்ட வுட்டுட்டு எங்க போயிட்டாங்க?"

அன்புச்செல்வி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அவங்க வுட்டுட்டுப் போவல சார். இது என் கொழம்பு. இன்னைக்கு மட்டும் இல்ல. இத்தினி நாளும் நீங்க சப்புக்கொட்டிச் சாப்ட்ட கருவாட்டுக் கொழம்பு, கேப்ப அட, கீரக் கடையல் எல்லாம் எங்க வூட்ல, நா ஆக்கினது. எம் பேரச் சொல்லி நீங்க சாப்பிடணும்னு ஆசப்பட்டேன். அதான் இங்க வந்து ஆக்கறேன்."

சோறு போட வந்தவர் வாளியோடு நின்றார். காற்றில் இலைகள் மட்டும் படபடத்தன.

புகழேந்தி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "இது ஏமாத்து வேல. சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் மனைவி இளவரசி இலையைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். இன்னும் சில வீட்டுக்காரர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. எல்லாம் போயிற்று என்றுதான் அன்புச்செல்வி நினைத்தாள். செண்பகம் மட்டும் அவளோடு உரசிக்கொண்டு, நகராமல் நின்றாள்.

அப்போது சாம்பார் வாளியோடு கலையரசி பந்தலுக்குள் வந்தாள். வாளியை டங்கென்று கீழே வைத்தாள்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க. மொதல் தடவையே நா இல்லன்னுதான் சொன்னேன். நீங்க யாரும் நம்பல. தன்னடக்கம்னு கை தட்டினீங்க. அப்பால எனக்கும் கேக்க நல்லா இருந்திச்சா, வுட்டுட்டேன். தப்பு எம்மேலதான். கருவாட்டுக் கொழம்பு எனக்குச் சுத்தமா வராது. எங்க வூட்டுக்காரரக் கேளுங்க."

"ஆமாங்க, வராது" என்றார் கண்டக்டர், ரொம்ப நாளாகச் சொல்லக் காத்திருந்தவர் போல. யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

எல்லோரும் தேவநாதனைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்திருந்தது. ஊருக்கே தீர்ப்புச் சொன்ன நாக்கு இப்படி ஏமாந்ததில் அவருக்கு அவமானம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லியிருந்தா சாப்ட்டிருப்பீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. சுற்றி நின்ற எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் தன் முன்னே கிடந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டேன்" என்றார் கடைசியில். "சாப்ட்டிருக்க மாட்டேம்மா. மொத வாரம் ஒஞ் சட்டியப் பாத்துட்டு ஒதுங்கிப் போனதுல நானும் ஒருத்தன்."

பிறகு இலையில் தண்ணீர் தெளித்து, துடைத்து, நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊத்து."

சோற்று வாளி நகர்ந்தது. அன்புச்செல்வி அண்டாவில் கரண்டியை விட்டு, இரண்டு துண்டு கருவாடும் மொச்சையுமாக அள்ளி ஊற்றினாள். அவர் பிசைந்தார். உருட்டினார். வாயில் போட்டார். எத்தனை ஜோடிக் கண்கள் அந்த ஒரு வாயையே பார்த்தன! அவர் மென்று விழுங்கி, வழக்கம்போல் கண்ணை மூடினார்.

"உப்பு ஒரு கல்லு கூட."

அன்புச்செல்விக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "இல்லவே இல்ல சார்! சரியாத்தான் இருக்குது. நாக்கு ஒங்களுதுதான் சரியில்ல, ஊருக்கே தெரிஞ்சிபோச்சி!"

பந்தலே வெடித்துச் சிரித்தது. தேவநாதனும் சிரித்தார், சிரித்ததில் புரையேறி, செண்பகம் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். "அப்ப இன்னொரு கரண்டி ஊத்தும்மா, மறுபடியும் பாத்துச் சொல்றேன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். முதலில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழம்பு இலையில் விழுந்ததும் இலையைப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் அன்புச்செல்விக்கு நிற்க நேரமில்லை. "அன்பு, இங்க!" "அன்புக்கா, இந்தப் பக்கம் ஊத்தவே இல்ல!" "டெய்லரம்மா, ஜல்தி!" என்று நாலா பக்கமும் அவள் பெயர் கேட்டது. இரண்டாவது பந்தியில் கருவாட்டுத் துண்டுக்குச் சண்டை. மூன்றாவது பந்தியில் உட்கார்ந்தவர்கள் முதல் பந்திக்காரர்களைத் திட்டினார்கள். இவ்வளவு பேர் வருவார்கள் என்று தெரிந்தும் குழம்பைக் குறைவாக வைத்துவிட்டாள் என்று ஒருவர் அவளையே திட்டினார். அன்புச்செல்வி அவரைப் பார்த்துச் சிரித்தாள். வாழ்க்கையில் அப்படி ஒரு திட்டை அவள் வாங்கியதே இல்லை. அவளுக்குச் சந்தோஷம் நெஞ்சில் நிற்காமல் கண் வழியாக வந்தது. புகையென்று சொல்லிக்கொண்டாள், அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

பந்தி அடங்குகிற நேரம், ஷெட்டின் பின்பக்கச் சந்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இளவரசி. முந்தானைக்குள் ஒரு கிண்ணத்தை மறைத்துப் பிடித்திருந்தாள்.

"அன்பு, கொஞ்சம் இருந்தா ஊத்தேன். அவரு தெரு முனையிலயே நின்னுக்கினு இருக்காரு. வாசன வந்துக்கினே இருக்குதா, வூட்டுக்கும் போவமாட்டேங்கறாரு, இங்கயும் வரமாட்டேங்கறாரு. எனக்கும் பசி உசுரு போவுது."

"இருக்குதுக்கா" என்றாள் அன்புச்செல்வி. "ஆனா பின்பக்கமா குடுக்க மாட்டேன். ரெண்டு பேரும் முன்பக்கமா வாங்க. எலை போட்டு வெக்கிறேன்."

இளவரசி கிண்ணத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள். செண்பகம் இரண்டு இலை போட்டாள். காத்திருந்தார்கள். சவுரிராயன் அண்டாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

முதலில் இளவரசி வந்தாள். அவள் பின்னால், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டு, பந்தலில் தொங்கிய தோரணத்தைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு, புகழேந்தி வந்தார். எல்லோரும் பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் கடைசி இலையில் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. அன்புச்செல்வி அண்டாவின் அடியில் தேங்கியிருந்ததை, மொச்சையும் மசாலாவுமாகத் திரண்டிருந்ததை, வழித்து அவர் சோற்றில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள். அவர் சாப்பிட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது, "நல்லா இருந்திச்சிம்மா அன்புச்செல்வி" என்றார், தரையைப் பார்த்தபடியே.

அதன்பிறகுதான் தனக்குப் பசிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அண்டாவில் ஒரு சொட்டுக் குழம்பு இல்லை. கலையரசி இலை ஒன்றை எடுத்து வந்து, அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, சோற்றைப் போட்டுத் தன் சாம்பாரை ஊற்றினாள்.

"சாப்புட்றி. இது எங்க வூட்டுது" என்றாள், கொஞ்சம் பயந்துகொண்டே.

அன்புச்செல்வி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நகர் முழுக்கக் கேட்கும்படி, "கலையரசிக்கா சாம்பார் நல்லா இருக்குது!" என்று சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.